உங்கள் கிளி ஆணா, பெண்ணா?



எங்கள் வீட்டில் ராசா என்று ஒரு பட்ஜி வளர்ந்தது. ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்போமே, அதே சின்னக் கிளிதான். வாங்கிய இடத்தில் ஆண் என்றார்கள், நாங்களும் நம்பினோம். ஒருநாள் காலை ராசா கூட்டின் அடியில் இறகை உப்பிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி கிடந்தது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, "இது பெண். முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்டது" என்றார். பிந்தியிருந்தால் உயிர் போயிருக்கும். அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

பட்ஜியில் அலகுக்கு மேலே, மூக்குத் துவாரங்களைச் சுற்றியுள்ள தோலைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது நீலம். பெண்ணுக்கு வெளிறிய நிறம் அல்லது மண்ணிறம். குஞ்சுகளில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் ஆண். துவாரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெண். முழு வெள்ளை, முழு மஞ்சள் பட்ஜிகளில் ஆணுக்கு வளர்ந்தபின்னும் நீலம் வராது. அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம்.

ஊரில் பார்த்த பச்சைக் கிளி இன்று லண்டன் பூங்காக்களிலும் கூட்டமாகப் பறக்கிறது. அதில் ஆணுக்குத்தான் கழுத்தில் கறுப்பும் ரோசாவும் கலந்த ஆரம் உண்டு. அது தெளிவாக வர 2, 3 வருடம் செல்லும். ஆகவே ஒரு வயதுக் கிளிக்கு ஆரம் இல்லையென்று பெண் என முடிவுகட்ட வேண்டாம்.

எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. ஒருகாலத்தில் இரண்டையும் வேறு வேறு இனம் என்றே நினைத்தார்கள். ஆபிரிக்கச் சாம்பல் கிளியிலோ கண்ணால் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதற்கு டிஎன்ஏ சோதனைதான் வழி. ஒரு துளி இரத்தம் அல்லது புதிதாகப் பிடுங்கிய சில இறகுகள் போதும். மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் அணுவில் தங்கியுள்ளது. பறவைகளில் அது தாயிடம். பேசினால் ஆண், பேசாவிட்டால் பெண் என்பதும் நிச்சயமில்லை.

பெண் கிளி சோடி இல்லாமலும் முட்டையிடும். எனவே கூட்டில் கணவாய் ஓடு தொங்கவிடுங்கள், சுண்ணாம்புச் சத்துக் கிடைக்கும். முட்டைப் பெட்டி வைக்காதீர்கள். இரவில் நெடுநேரம் வெளிச்சம் பட விடாதீர்கள், அதுவும் முட்டையிடத் தூண்டும். முட்டை சிக்கியதாகச் சந்தேகம் வந்தால், நீங்களே வயிற்றை அமுக்காமல், சூடாக வைத்து உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

எங்கள் ராசா பிழைத்துவிட்டது. இப்போது அதன் பெயர் ராசாத்தி.