எம்.பி.ஏ. விண்ணப்பமும் ஆலோசகரும்: உங்களுக்குத் தெரியுமா?

வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்க உதவும் அட்மிஷன் கன்சல்டன்ட்டுகளுக்கென்றே ஒரு சர்வதேசச் சங்கம் உண்டு: ஏ.ஐ.ஜி.ஏ.சி. விண்ணப்பதாரருக்குக் கட்டுரை எழுதித் தரக் கூடாது, கல்லூரியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பவை அதன் விதிகளில் இரண்டு. இரண்டாவதை நம் ஊர்ப் பெற்றோர் அவசியம் கவனிக்க வேண்டும். ‘ஆலோசனை இலவசம்’ என்று போர்டு வைத்திருக்கும் ஏஜென்சிகள் பலவற்றுக்குப் பணம் வருவது, மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்திடமிருந்துதான். உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, ‘உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்?’ என்று கேட்டுவிடுங்கள்.

எழுதித் தராதவருக்கு எதற்குக் காசு என்கிறீர்களா? கேள்வி கேட்பதற்கு. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பையன், ‘சிறு வயது முதலே எனக்குத் தலைமைப் பண்பு உண்டு’ என்று கட்டுரையைத் தொடங்குகிறான் என்று வையுங்கள். நல்ல கன்சல்டன்ட் அந்த வரியை அடித்துவிட்டு, ‘மெஷின் நின்றுபோன அன்றைக்கு முதலில் யாருக்குப் போன் செய்தாய்?’ என்பார். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியது, ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தானே ஸ்பானரோடு குனிந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அதைத்தான் எழுத வேண்டும்.

சொந்தக் கதையை விட்டு அடுத்தவர் வரியை எடுத்தால் மாட்டிக்கொள்ளலாம். 2012-ல் அமெரிக்காவின் யூ.சி.எல்.ஏ. ஆண்டர்சன் பிசினஸ் ஸ்கூல் 52 பேரை நிராகரித்தது. அவர்கள் கட்டுரைகளில் அடுத்தவர் வரிகள் இருந்தன. காட்டிக்கொடுத்தது, எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் டர்னிட்இன் மென்பொருள்.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். “நீயே அடிச்சுட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்று மேனேஜர் பாசத்தோடுதான் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரிய பிசினஸ் ஸ்கூல்கள் கடிதத்துக்கான லிங்க்கை மேனேஜரின் மின்னஞ்சலுக்கே அனுப்புகின்றன. அவரே எழுதியதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ‘இவரிடம் திருத்திக்கொள்ளச் சொன்ன முக்கியமான விஷயம் எது, அதை எப்படி எடுத்துக்கொண்டார்?’ என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. தன் குறையைத் தானே எழுதிக்கொள்பவரின் நடை தனியாகத் தெரிந்துவிடும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: இரண்டு மாதம் முன்பே மேனேஜரோடு டீ சாப்பிட உட்கார்ந்து, சேர்ந்து முடித்த வேலைகளை நினைவூட்டுங்கள்.

பிறகு நுழைவுத் தேர்வு. பிசினஸ் ஸ்கூல்களுக்காக எழுதும் ஜிமேட் தேர்வு இப்போது இரண்டே கால் மணி நேரம். மதிப்பெண் 205 முதல் 805 வரை. எல்லா மதிப்பெண்ணும் 5-ல்தான் முடியும். ஐந்தாண்டு செல்லும்.

கடைசியாக நேர்காணல். அமெரிக்காவின் வார்ட்டன் பிசினஸ் ஸ்கூல், ஐந்தாறு விண்ணப்பதாரர்களை ஒன்றாக உட்காரவைத்து 35 நிமிடம் விவாதிக்கவிட்டுப் பார்க்கிறது. கன்சல்டன்ட்டிடம் ஒத்திகை பார்க்கலாம். ஆனால் எதிரே இருப்பவர் பேசும்போது காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் ஒரு வார ஒத்திகையில் வராது.

நல்ல ஆலோசகர் என்ன செய்வார் என்பதற்கு ஓர் உதாரணம். சென்னையில் பிறந்து, பின்னாளில் பெப்சிகோ நிறுவனத்தின் தலைவரான இந்திரா நூயி, 1970களின் இறுதியில் யேல் பல்கலைக்கழகத்தில் நிர்வாகம் படித்தார். கோடைக்கால வேலைக்கான நேர்காணலுக்கு 50 டாலரில் வாங்கிய சூட் அளவு பொருந்தவில்லை. கூசிப்போய், கல்லூரியின் வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் போய் அழுதார். இந்தியாவில் என்றால் என்ன உடுத்துவாய் என்று கேட்டார் ஆலோசகர். புடவை என்றதும், அதையே உடுத்திக்கொண்டு போகச் சொன்னார். அடுத்த நேர்காணல் பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற கன்சல்டிங் நிறுவனத்தில். புடவையில் போனார். வேலை கிடைத்தது.