ஆயிரம் போய் ஆயிரத்து இருநூறு வந்த கணக்கு

கூலி வேலை செய்யும் வீட்டில் கணவர் செத்துப்போனால், அந்தப் பெண்ணுக்கு அரசாங்கத்திலிருந்து மாதம் 200 ரூபாய் கூடுதலாக வரும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 1,000-லிருந்து 1,200 ஆனது. ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு உரிமைத்தொகை இல்லை என்று அப்போதே விதி வகுத்தார்கள். ஆக, கணவர் இருந்தவரை 1,000, போனபின் 1,200. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஆளின் கூலி நின்றுபோனதற்கு ஈடு 200.

இந்த 1,200-ஐப் பிரித்துப் பார்க்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 40 வயதான கைம்பெண்ணுக்கு மத்திய அரசு தருவது 300 ரூபாய். 2009-ல் 200 ஆகத் தொடங்கி 2012-ல் 300 ஆனது; 80 வயதைத் தொட்டால் 500. மீதி 900 மாநில அரசுடையது. 40 வயதுக்குக் குறைந்தவர் என்றால் முழுத் தொகையும் மாநிலத்தின் தலையில். முப்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு நிற்பவளுக்கு டெல்லியின் கணக்கில் இடமே இல்லை. பிள்ளை வளர்க்கும் செலவு அந்த வயதில்தானே அதிகம்?

ஓய்வூதியத்தோடு பொங்கல், தீபாவளிக்குச் சேலையும் மாதம் 4 கிலோ அரிசியும் உண்டு. சத்துணவு மையத்தில் சாப்பிடுகிறவர் என்றால் அரிசி 2 கிலோ. அரிசியைக் கிலோவாக நிறுக்கும் விதி, பணத்தை மட்டும் ஏன் நிறுத்துப் பார்ப்பதில்லை என்று தோன்றும்.

நம் வீடுகளில் பணத்தைப் பவுனில் நிறுப்பதுதான் வழக்கம். 2011-ல் ஓய்வூதியம் 500-லிருந்து 1,000 ஆனபோது பவுன் 20,000 ரூபாயை ஒட்டி இருந்தது. இருபது மாதப் பணத்தைச் சேர்த்தால் ஒரு பவுன். 2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டிவிட்டது. 1,200 வீதம் சேர்த்தால் 75 மாதம், அதாவது ஆறேகால் வருடம். தங்கம் சோறு போடாது என்பீர்கள், சரி, கூலியில் பார்ப்போம். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஒரு மாத ஓய்வூதியம் நான்கு நாள் கூலிகூட இல்லை.

அதே தெருவில் இறந்துபோன மத்திய அரசு ஊழியரின் மனைவி இருந்தால் அவருக்குக் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமே 9,000. ஏழரை மடங்கு. அவர் வாங்குவதைக் குறைக்கச் சொல்லவில்லை. கணவர் சம்பளத்தில் 30 சதவீதம் என்று அங்கே ஓர் அளவுகோல் இருக்கிறது. இங்கே 1,200 எந்த அளவுகோலில் வந்தது என்பதுதான் கேள்வி.

பணம் ஏறிய நாளில் வங்கி முகவர் கைரேகை மெஷினோடு ஊருக்கு வருவார். களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. சேலைத் தலைப்பில் துடைத்து, எண்ணெய்ப் பசைக்காகத் தலைமுடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து மறுபடி வைப்பார்கள். கட்டைவிரல் ஆகாவிட்டால் ஆள்காட்டி விரல். அதுவும் ஆகாவிட்டால் பஸ் ஏறிப் பேங்குக்குப் போக வேண்டும். அன்றைக்குக் கூலியும் போச்சு.

இனி மறுமணம். டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான விதவை மறுமண உதவித் திட்டம் 1975-ல் வந்தது. விதவை ஓய்வூதியமும் அதே ஆண்டுதான். ஒன்று தனியாக வாழ, மற்றது மறுபடி சேர்ந்து வாழ. மறுமணத்துக்கு 25,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும். பட்டம் படித்தவருக்கு 50,000. அந்த 25,000-லும் 15,000-தான் கையில் கிடைக்கும், 10,000 சேமிப்புப் பத்திரம். கையில் வரும் பணம் பன்னிரண்டரை மாத ஓய்வூதியத்துக்குச் சமம். மறுமணம் ஆன உடனே ஓய்வூதியம் நின்றுவிடும். முப்பது வயதில் மறுமணம் செய்கிறவர் அறுபது வயதுவரை இழப்பது, இன்றைய விகிதத்தில் 4,32,000 ரூபாய். உரிமைத்தொகைக்குத் தகுதி கிடைத்தால் 3,60,000 திரும்பி வரும். கிடைத்தால்.

இன்னொரு நிபந்தனைதான் என் கண்ணை உறுத்துகிறது. மறுமண உதவிக்கு மணமகளின் வயது குறைந்தது 20, மணமகனின் வயது 40-ஐத் தாண்டக் கூடாது. 43 வயதுப் பெண் 47 வயதுக்காரரை மணந்தால் பணமும் இல்லை, தங்கமும் இல்லை. வந்துகொண்டிருந்த 1,200 மட்டும் போகும். ஊரறியக் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களைப் பேசுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் துணையை இழந்த ஆண்கள் சுமார் 1.2 கோடி, பெண்கள் சுமார் 4.3 கோடி. ஆண்கள் மறுபடி கட்டிக்கொள்வதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். மறுமணத்தை ஊக்குவிப்பதாகச் சொல்லும் அரசு, மணமகனுக்கான வயது வரம்பை எடுத்துவிட வேண்டும். மறுமணத்துக்குப் பின் ஓராண்டுக்காவது ஓய்வூதியத்தைத் தொடர வேண்டும். ஓராண்டுக்கு ஆகும் செலவு ஆளுக்கு 14,400 ரூபாய். தெரிந்தவர் யாரேனும் மறுமணம் செய்திருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள்: உதவிக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.