உப்பளச் சொல்லும் எரிவாயுச் சொல்லும்

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள ஊர் மரக்காணம். கோடைக்காலத்தில் அவ்வழியே செல்வோர், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பாத்தி பாத்தியாகப் பரந்து கிடக்கும் உப்பளங்களையும், சிறு வெண்குன்றுகளைப்போல் குவிந்திருக்கும் உப்பையும் காண்பர்.

உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சி வெயிலில் காயவிட்டால் உப்புக் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுவர். தொழில் அத்துணை எளிதன்று. கடல்நீரில் சோற்றுப்பு மட்டுமே கரைந்திருக்கவில்லை. சுண்ணாம்புச் சத்தும், ஜிப்சமும், மக்னீசிய உப்புகளும் அதில் கரைந்துள்ளன. நீர் ஆவியாகச் செறிவு மிகும். அப்போது இவையெல்லாம் ஒருசேரப் படிவதில்லை. சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்னர்ப் படியத் தொடங்கும். நீரின் செறிவு போமே என்னும் அளவையில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போது சோற்றுப்புப் படிகமாகும். 30 பாகையை நெருங்கினால் கசப்புத் தன்மையுள்ள மக்னீசிய உப்புகளும் கலக்கத் தொடங்கும். ஆதலின், எஞ்சிய கசப்பு நீரை உரிய காலத்தில் வெளியேற்றிவிடுதல் வேண்டும். எப்போது நீரைத் தேக்குவது, எப்போது மாற்றுவது, எப்போது உப்பை வாருவது என்பவற்றை உப்பளத் தொழிலாளர் நன்கறிவர். பாத்தி, வரப்பு, கசப்பு நீர் என அவர்கள் வழங்கும் ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு செயலும், அச்செயலுக்கு ஒரு காரணமும் உண்டு.

இத்தகைய கடற்கரைக்கு அண்மையில் ஒரு புதிய சொல் வந்து சேர்ந்தது. மரக்காணத்தை அடுத்த கடற்பகுதியும் அடங்கிய பரப்பில் ஹைட்ரோகார்பனைத் தேடுவதற்கு 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒப்பந்தம் செய்தது. அதனை எதிர்த்து 2019-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மரக்காணம் முதல் இராமநாதபுரம் வரையுள்ள கடலோர மாவட்டங்களில் மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றனர். அதுவரை வேதியியல் நூல்களில் அடங்கியிருந்த ஒரு கலைச்சொல், மீனவர் குப்பங்களிலும் உழவர் வீடுகளிலும் ஒலித்தது. ஆயின், அச்சொல்லின் பொருள் யாது?

ஹைட்ரஜன், கார்பன் என்னும் இரு தனிமங்கள் மட்டுமே சேர்ந்து அமையும் சேர்மங்களின் பொதுப்பெயரே ஹைட்ரோகார்பன். அஃது ஒரு குடும்பப் பெயர். தனியொரு பொருளின் பெயரன்று. விளக்கில் எரியும் மண்ணெண்ணெயும், வண்டியை இயக்கும் பெட்ரோலும், அடுப்பில் எரியும் வாயுவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றுள் மிக எளிய அமைப்புடையது மீத்தேன். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி இம்மீத்தேனே.

கடல்நீரைப் போலவே, நிலத்தின் ஆழத்திலிருந்து வரும் எரிவாயுவும் ஒரு கலவையாகும். அதனைப் பிரித்துத் தூய்மை செய்யும் தொழிலுக்கும் தனிச் சொற்கள் உள்ளன. அவற்றுட் சில, கேட்ட அளவில் வேறு பொருள் தந்து மயக்கும்.

‘புளிப்பு வாயு’ என்பது நாவிற்குப் புளிக்கும் வாயுவன்று. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு மிகுதியாகக் கலந்த எரிவாயுவையே அவ்வாறு அழைப்பர். அந்நச்சு அழுகிய முட்டையின் நாற்றமுடையது. ஈரத்தோடு சேர்ந்து இரும்புக் குழாய்களை அரிக்கும். அதன் அளவு மிகுமாயின் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்யும். நாற்றம் நின்றதென்று எண்ணி அவ்விடத்தில் நிற்பவன் உயிரிழக்க நேரும். அமீன் என்னும் வகையைச் சார்ந்த கரைசலால் அந்நச்சைப் பிரித்தெடுப்பது ‘இனிப்பாக்கல்’ எனப்படும். இதில் சர்க்கரைக்கு வேலையில்லை.

‘ஈர வாயு’ என்னும் சொல்லும் அத்தகையதே. நீர் கலந்த வாயு என்பது அதன் பொருளன்று. ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் முதலிய கனத்த ஹைட்ரோகார்பன்கள் மிகுந்த வாயு என்பதே பொருள். அவை நீங்கியபின் பெரும்பாலும் மீத்தேனாய் எஞ்சுவது ‘உலர் வாயு’. நீராவியை அகற்றுவது ‘நீரகற்றல்’ என்னும் வேறொரு செயலாகும். அவ்வாறு அகற்றாவிடில், மிகுந்த அழுத்தத்தில் நீரும் மீத்தேனும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற திண்பொருளாகிக் குழாயை அடைத்துவிடும்.

பிரித்தெடுத்த புரொப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டு, சமையல் எரிவாயு என்னும் பெயரில் உருளைகளில் வீடுகளுக்கு வருகின்றன. இயற்கை எரிவாயுவோ பெரும்பாலும் குழாய் வழியே செல்வது. தொலைநாடுகளிலிருந்து கப்பலில் கொணர வேண்டுமாயின், அதனை ஏறத்தாழ -162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து நீர்மமாக்குவர். அதன் பருமன் அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அவ்வாறு வரும் நீர்மத்தை இறக்கும் முனையம் ஒன்று எண்ணூரில் 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது.

இவ்விரு எரிவாயுக்களின் வேறுபாட்டை அறிந்திருத்தல் உயிர் காக்கும் அறிவாகும். உருளை வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். மீத்தேன் காற்றினும் இலேசானது. கசிந்தால் மேலே எழும். ஒன்றுக்குத் தரையருகே காற்றோட்டம் வேண்டும். மற்றொன்றுக்குக் கூரையருகே வேண்டும்.

‘மணமூட்டல்’ என்னும் சொல்லின் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. தூய மீத்தேனுக்கு மணமில்லை. அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில் 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள், யாரும் அறியாவண்ணம் கசிந்து தேங்கிய எரிவாயு வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன்பின்னரே எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலத்தல் வேண்டும் என்று அங்குச் சட்டம் வகுத்தனர். இன்று அடுக்களையில் கசிவை உணர்த்தும் நாற்றம், மெர்காப்டன் என்னும் பொருளைக் கலப்பதால் வருவது.

‘கேஸ்’ என்று மக்கள் வழங்கும் சொல்லும் ஒருவர் ஆக்கியதே. பிரசல்ஸ் நகரில் பிறந்த வான் ஹெல்மான்ட் என்னும் மருத்துவர், 17-ஆம் நூற்றாண்டில், உருவற்ற குழப்பநிலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு அதனைப் படைத்தார். தமிழிலும் அத்தகைய முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கச் சொற்களை ஆக்கினார். சேலத்தில் 1916-ஆம் ஆண்டு இராசாசியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கு ஒரு கழகம் கண்டனர். அறிவு சிலருக்கே உரியதாய் நின்றுவிடலாகாது என்பதே அம்முயற்சிகளின் உயிர்நாடி.

பொருள் அறியாத சொல் இருவகையில் கேடு செய்யும். வேண்டாத இடத்தில் அச்சத்தை விளைவிக்கும். வேண்டிய இடத்தில் அச்சத்தை மறைக்கும். ‘இனிப்பாக்கல்’ என்பதை அறிந்தவன், பிரித்த நச்சு எங்கே செல்கிறது என்று கேட்பான். எரிவாயுவோடு கிணற்றிலிருந்து உவர்நீரும் வெளிவரும் என்பதை அறிந்தவன், அந்நீரை எங்கே விடுவர் என்று கேட்பான். கசப்பு நீரைக் காலமறிந்து வெளியேற்றும் உப்பளத் தொழிலாளிக்கு இவ்வினா விளங்காத ஒன்றன்று.

தொழில் வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் வாதிடும் அவையில், சொல்லின் பொருளறிந்தோர் கேட்கும் வினாவிற்கு விடையளித்தே ஆகவேண்டும். அவ்வினாவை எழுப்பும் ஆற்றலைக் குடிமக்களுக்கு அளிப்பதே கலைச்சொல்லின் பயன்.