பூம்புகார்: கரியும் ஈயமும்

பூம்புகார் நமக்கு முதலில் ஒரு பிரதி. பட்டினப்பாலையையும் சிலப்பதிகாரத்தையும் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் (நானும் தமிழ் எம்.ஏ.தான்) அங்கே போனால் மணலையும் மீனவர் குப்பங்களையும் பார்த்துவிட்டு, நிஜமான ஊர் கடலுக்கடியில் கிடக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். கிடைத்த பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் நாம் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை ஆயிரம் வருஷம்?

கீழையூரில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. கூடவே மரத்தூண்களும். மரத்தைக் கார்பன்-14 முறையில் ஆய்ந்ததில் கி.மு. 300ஐ ஒட்டிய காலம் கிடைத்தது, ஏறக்குறைய நூறு வருஷம் முன்பின். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டியதும் அது நின்றுபோகிறது. உள்ளே இருக்கும் கார்பன்-14 சுமார் 5,730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. மீதியை அளந்தால் மரம் செத்த காலம் தெரியும். துறை கட்டிய காலம் அல்ல, மரம் செத்த காலம். பழைய மரத்தை எடுத்து மறுபடி நட்டிருந்தால் கணக்கே வேறு. இந்த 'முன்பின்' எந்த மேடையிலும் ஏறுவதில்லை. மேடைக்குத் தேவைப்படுவது உருண்டையான ஓர் எண்.

1990களின் தொடக்கத்தில் எஸ்.ஆர். ராவ் தலைமையில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவ அமைப்பு ஒன்றைக் கண்டார்கள். 2001இல் கிரகாம் ஹான்காக் வந்து முங்கிப் பார்த்துவிட்டுப் போனபின் அதற்குப் பதினோராயிரம் வருஷம் என்றாகிவிட்டது. நம்மவர்களும் கைதட்டினார்கள். கடல் மட்டம் எப்போது அவ்வளவு கீழே இருந்தது என்று போட்ட கணக்கு அது. அமைப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஆய்ந்து வந்த வயது அல்ல. மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்த பாறையா என்பதே தீராதபோது வயதுக்கு என்ன அவசரம்?

வயதைத் தவிர வேறு கேள்விகளையும் பொருளிடம் கேட்கலாம். எகிப்தின் துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த இரும்புக் கத்தியை 2016இல் ஊடுகதிர் ஒளிர்வு முறையில் பார்த்தார்கள். கத்தியைச் சுரண்டவோ வெட்டவோ வேண்டியதில்லை. கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி விடுகிறது. நிக்கல் ஏறக்குறைய 11 சதவீதம் இருந்தது. தாதுவை உருக்கி எடுத்த பழங்கால இரும்பில் அவ்வளவு நிக்கல் இருக்காது, விண்கல்லில் இருக்கும். அரசனின் பெயரை வைத்து மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் இது தெரிய வந்திருக்காது.

இந்தக் கேள்வியோடு பூம்புகார்க் கடலுக்கு வருவோம். அங்கே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் உடைந்த கப்பல் ஒன்றின் மிச்சங்களோடு ஈயப் பாளங்கள் கிடைத்தன. சிலவற்றில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை வைத்திருந்த குடும்பத்தின் பெயர் அது. காவிரிப்பூம்பட்டினத்தைத் தேடி முங்கினவர்கள் கைக்கு கும்பெனி காலத்துச் சரக்கு வந்தது! ஊர்ப்பெருமைக்கு இது உதவாது; பேச்சிலிருந்து நழுவிவிட்டது.

எழுத்து தேய்ந்துபோன பாளத்தையும் விசாரிக்க முடியும். ஈயத்துக்கு 204, 206, 207, 208 என்று நான்கு ஐசோடோப்புகள். பின் மூன்றும் யுரேனியம், தோரியம் சிதைவதால் கூடிக்கொண்டே வருபவை, 204 கூடுவதில்லை. ஆகவே தாது எப்போது, எந்தப் பாறையில் உருவானதோ அதற்கேற்ற விகிதம் அதில் நின்றுவிடுகிறது. உருக்கினாலும் வார்த்தாலும் அந்த விகிதம் மாறாது. பல இடத்து ஈயத்தைக் கலந்து உருக்கிவிட்டால் மட்டும் குழம்பிப்போகும். பட்டினப்பாலையில் மூட்டைகளுக்குச் சோழனின் புலி முத்திரை வைக்கிறார்கள், பாளத்தில் முதலாளியின் பெயர். முத்திரை எப்போதும் உடையவனுடையது. எந்த மலை, எந்தக் குழி, எப்படி உருக்கினார்கள் என்பதைப் பற்றி, அதாவது வேலையைப் பற்றி, உலோகம்தான் சொல்லும்.

லாட வடிவ அமைப்புக்குத் திரும்பினால், செய்ய வேண்டியது கைக்கெட்டாத காரியமில்லை. கற்களுக்கு நடுவே சாந்தோ செங்கல்லோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் படிந்த மணல் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்பதை ஒளித்தூண்டல் முறையில் அளக்கலாம். அதற்கு மணலை இருட்டிலேயே, வெளிச்சம் படாத குழாயில் எடுத்து வர வேண்டும்.