காய்ந்த கல் சொல்லும் கதை

தேனியிலிருந்து போடிநாயக்கனூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரத்து இடம் கிடைத்தால் நீங்கள் பாக்கியசாலிதான். எதிரே மேற்கு மலை கம்பீரமாக எழுந்து நிற்கும். நான் அதையே பார்த்துக் கொண்டிருந்தேன். பக்கத்தில், மடியில் சுண்டைக்காய் வற்றல் பையுடன் ஒரு பாட்டி.

"ஏன் தாயி, அந்தக் கல்லுல அம்புட்டு நேரமா என்னத்தப் பாக்குறே?"

"அந்தக் கல் ஒரு காலத்தில் பூமிக்கு உள்ளே 25 கிலோ மீட்டர் ஆழத்தில் கிடந்தது, பாட்டி."

"ஆத்தாடி! அப்ப மேல கெடந்த மண்ணெல்லாம் எங்க போச்சு?"

படித்தவர்கள்கூடக் கேட்கத் தவறும் கேள்வி! மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்து அரித்து, அதைக் கடலுக்குக் கொண்டு போய்விட்டன. அடியில் கிடந்தது மெல்ல மெல்ல மேலே வந்தது.

அந்த ஆழத்தில் கல் பட்ட பாட்டைக் கேளுங்கள். நம் வீட்டு பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் வெளிக் காற்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு; சூடு 120 டிகிரி. அதற்கே பருப்பு குழைந்து விடுகிறது. பூமிக்குள் 25 கிலோ மீட்டரில் அழுத்தம் சுமார் 7000 மடங்கு! சூடோ 700, 800 டிகிரி. அங்கே கல் குழைவதில்லை, குணம் மாறுகிறது. காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் மைக்கா, தன்னுள்ளே நீரைக் கட்டி வைத்திருப்பது. இந்தச் சூட்டில் அந்த நீர் வெளியேறிவிட, 'ஹைப்பர்ஸ்தீன்' என்ற புதிய கனிமம் பிறக்கிறது. அதைக் கொண்ட கருங்கல்தான் 'சார்னாக்கைட்'.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அது நம் ஊர்க் கல்தான். 1690-ல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல் போயிற்று. அதை ஆராய்ந்த புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் இறந்தவரின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். சென்னையை அடுத்த பல்லாவரத்திலும் இதே கல் உண்டு.

கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டிக் கற்கள் இதையும் மிஞ்சியவை. 'சஃபிரின்' என்ற அபூர்வக் கனிமம் அவற்றில் இருக்கிறது. அவை 900 டிகிரிக்கு மேல் வெந்தவை என்பதற்கு அது ஒரு சாட்சி. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா எல்லாம் ஒரே கண்டமாக ஒட்டிய காலத்துக் கொதிப்பு அது.

சரி, மேலே வந்து ஆறிய பிறகு கல் ஏன் பழையபடி மாறவில்லை? இங்கேதான் பாட்டியின் பை எனக்குக் கை கொடுத்தது.

"பாட்டி, வற்றல் ஏன் வருஷக் கணக்கில் கெடாமல் இருக்கிறது?"

"ஈரம் போயிருச்சுல்ல!"

அதேதான்! கனிமங்கள் திரும்ப மாறுவதற்கு நீர் வேண்டும். அது போய்விட்டதால், அன்றைய சூட்டின் அடையாளம் அப்படியே தங்கிவிட்டது.

போடி மேற்கு மலையின் இந்த உறுதியான பாறையை நம்பித்தான், பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. உள்ளூரில் பலத்த எதிர்ப்பும் எழுந்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால், வீடு கட்ட ஜல்லி வாங்கும் நாம் ஒன்றை நினைக்க வேண்டும். லாரியில் வந்து இறங்கும் கருங்கல் ஜல்லியில் இந்தச் சார்னாக்கைட்டும் உண்டு. வற்றல் தீர்ந்தால் அடுத்த கோடையில் போட்டுக் கொள்ளலாம். மலை தீர்ந்தால்?

பஸ் நின்றது. பாட்டி இறங்குமுன் மலையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெந்து காஞ்ச கல்லு. பத்திரமா இருக்கட்டும், தாயி" என்றாள்.