ஆஷ் மரம் போனால் யாருக்கு வீடு போகும்?

ஆஷ் மரத்தின் இலையைப் பார்த்தால் நமக்கு வேப்பிலைதான் நினைவுக்கு வரும். நடுவில் ஓர் ஈர்க்கு, இருபுறமும் சிற்றிலைகள். கிரிக்கெட் ஸ்டம்புகளைக் காலம்காலமாக இந்த மரத்தில்தான் செய்துவருகிறார்கள். பிரிட்டனின் காடுகளிலும் வேலியோரங்களிலும் நிறைந்திருந்த ஆஷ் இன்று நுனிக்கருகல் நோயால் மடிந்துகொண்டிருக்கிறது.

நோயை உண்டாக்கும் பூஞ்சை குடியிருப்பது அந்த ஈர்க்கில்தான். தரையில் கிடக்கும் பழைய ஈர்க்குகளில், கோடை வந்ததும், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வெள்ளைக் கிண்ணக் காளான்கள் முளைக்கின்றன. அவற்றின் வித்துகள் காற்றேறிப் பச்சை இலையில் இறங்குகின்றன. பூஞ்சை காம்பு வழியே கிளைக்குள் புகுந்து நீர்ப்பாதையை அடைக்கிறது. பட்டையில் சாய்சதுர வடிவில் கரும்புண் விழுகிறது. கிழக்காசியாவின் ஆஷ் மரங்களை இதே பூஞ்சை பெரிதாக வாட்டுவதில்லை. ஆனால் ஐரோப்பாவில், 1992-ல் போலந்தில் மரங்கள் பட்டுப்போவது கவனிக்கப்பட்டது. 2012-ல் பிரிட்டனில் நோய் முதலில் உறுதியானது, வெளிநாட்டிலிருந்து நடுவதற்காக வந்த நாற்றங்கால் கன்றுகளில். காடு வளர்க்க வாங்கிய கன்றே நோயைச் சுமந்து வந்தது பெரும் வேதனை.

செத்த மரத்தின் இடத்தில் வேறொன்றை நட்டால் போதாதா? ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சூழலியலாளர் ரூத் மிட்செல் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். மரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அதை அண்டி வாழ்பவை எவை என்று அவரது குழு கணக்கெடுத்தது. பாசி, கற்பாசி, பூஞ்சை, பூச்சி, பறவை என 950-க்கும் மேற்பட்ட இனங்கள்! அவற்றில் 45 இனங்களுக்கு ஆஷை விட்டால் வேறு போக்கிடமே இல்லை. ஆஷை அண்டி வாழும் இனங்களில் ஏறத்தாழ 69 சதவீதத்துக்கு ஓக் மரம் இடம் தரும். ஆனால் ஆஷ் சருகு சீக்கிரம் மக்கி மண்ணுக்கு உரமாகும். ஓக் சருகு அப்படி மக்காது. ஒரே மரம் ஆஷின் எல்லா வேலையையும் செய்துவிடாது, பல மரங்களைக் கலந்து நட வேண்டும் என்பதே ஆய்வு காட்டும் வழி.

ஆஷே மீளவும் சிறு வாய்ப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள மார்டன் பார்க் காட்டில் முதிய மரங்களின் மரபணுக்களை இளங்கன்றுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2025-ல் வெளியானது. புதிய தலைமுறையில் நோய் தாங்கும் திறன் சற்றுக் கூடியிருக்கிறது. இயற்கைத் தேர்வு மட்டும் போதாமல் போகலாம், தேர்ந்த இனப்பெருக்கமும் கன்றுகளை மான் மேயாமல் காப்பதும் தேவைப்படலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நோய்க்கு நடுவே பசுமையாக நிற்கும் ஆஷ் மரத்தை, எப்படியும் சாகத்தானே போகிறது என்று முன்கூட்டியே வெட்டக் கூடாது. அடுத்த தலைமுறைக்கான விதை அதனிடம்தான் இருக்கிறது.