மதர்போர்டில் ஓவர்கிளாக்கிங்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயாஸ் திரையைத் திறந்ததும் கண்ணில் படும் மெனுக்களில் ஒன்று ஓவர்கிளாக்கிங். "செலவே இல்லாமல் வேகம் கூடுமாமே, மாற்றிப் பார்க்கலாமா?" என்று நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாற்றும் முன் அந்த எண்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

பிராசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்குதான். மதர்போர்டு தரும் அடிப்படைக் கடிகார வேகத்தை பிராசசரின் மல்டிபிளையர் எண்ணால் பெருக்க வேண்டும். இன்றைய போர்டுகளில் அடிப்படை வேகம் பொதுவாக 100 மெகா ஹெர்ட்ஸ். மல்டிபிளையர் 45 என்றால் 4500 மெகா ஹெர்ட்ஸ், அதாவது 4.5 கிகா ஹெர்ட்ஸ்.

இதைப் புரிந்து கொள்ள 1998-ல் புகழ் பெற்ற அபிட் பிஎச்6 மதர்போர்டை விட நல்ல உதாரணம் இல்லை. அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ பிராசசரில் மல்டிபிளையர் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. அடிப்படை வேகம் 66. ஆகவே 300 மெகா ஹெர்ட்ஸ். பிஎச்6 போர்டின் சாஃப்ட் மெனுவில் 66-ஐ 100 ஆக மாற்றினால் 450 மெகா ஹெர்ட்ஸ்! பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 பிராசசரின் வேகம் அது. ஜம்பரைத் தேடிப் பெட்டியைத் திறக்க வேண்டிய வேலையும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 83-ஐ விட 100 பாதுகாப்பானது. 66-ல் ஓடும்போது பிசிஐ பஸ்ஸுக்கு அதில் பாதி, 33 போகும். 100-ல் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் 33. ஆனால் 83-ல் பாதி என்பதால் 41 ஆகிவிடும். அந்த வேகத்தில் ஹார்ட் டிஸ்க் தகவல்களைத் தவறாக எழுத வாய்ப்புண்டு. ஓர் எண்ணை மாற்றினால் அதனுடன் இணைந்த மற்றவையும் மாறும் என்பதே பாடம். இன்றும் அடிப்படை வேகத்தைத் தொடாமல் மல்டிபிளையரை மட்டும் மாற்றச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது வோல்டேஜ். மின்செலவு, வேகத்திற்கு ஏற்ப நேராகவும் வோல்டேஜின் இருமடி அளவிலும் கூடும். இரண்டையும் 10 சதவீதம் உயர்த்தினால் மின்செலவு சுமார் 33 சதவீதம் எகிறும். அத்தனையும் வெப்பம். அறையே 35 டிகிரியாக இருக்கும் கோடை மதியத்தில் சாதாரண ஃபேன் இதைத் தாங்காது.

எல்லாப் போர்டிலும் இந்த வசதி இருக்காது. இன்டெல்லில் பெரும்பாலும் கே என்று முடியும் பிராசசரும் இசட் வரிசை சிப்செட்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலும் பி, எக்ஸ் வரிசை போர்டுகள் போதும். ஏ320, ஏ520 போன்றவற்றில் பிராசசர் வேகத்தைக் கூட்ட முடியாது.

புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மெமரி. 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 மெமரி, மாற்றாமல் விட்டால் 4800-ல் ஓடிக் கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று சென்று பாருங்கள். குறைவாக இருந்தால் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை எனேபிள் செய்யுங்கள். இதுவும் ஒரு வகை ஓவர்கிளாக்கிங்தான் என்பதால் மெம்டெஸ்ட்86 கொண்டு ஓர் இரவு சோதித்து விடுங்கள்.

அதற்கு மேலும் போக நினைத்தால்:

1. முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.
2. பயாஸின் பழைய செட்டிங்குகளை மொபைலில் படம் பிடியுங்கள்.
3. மல்டிபிளையரை ஒவ்வொன்றாக மட்டும் உயர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் பிரைம்95 ஓடவிட்டு வெப்பத்தைக் கவனியுங்கள்.
4. திரையே வரவில்லையா? பதறாதீர்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு, போர்டின் கையேட்டில் உள்ளபடி சிமாஸை கிளியர் செய்யுங்கள்.
5. வாரண்டி விதிகளை முன்பே படித்துவிடுங்கள்.

இன்றைய பிராசசர்கள் வெப்பம் அனுமதிக்கும் வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக் கொள்கின்றன. எனவே 1998 போல ஒன்றரை மடங்கு கிடைக்காது; சில சதவீதம் கிடைத்தாலே அதிகம். அலுவலக வேலை செய்யும் கம்ப்யூட்டரில் நான் மெமரி செட்டிங்கோடு நிறுத்திக் கொள்கிறேன். கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்யலாம். சத்தமில்லாமல் கெட்டுப்போன குடும்பப் புகைப்படத்தை எந்த வேகமும் திருப்பித் தராது!